காலி டப்பாக்கள்

சூரமங்கலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் என் மெடிக்கல் இருக்கிறது. உள்ளே வந்தால் இடது பக்கம் இங்கிலீஷ் மருந்து, வலது பக்கம் நாட்டு மருந்து, நடுவில் நான். என் கணவர் இருந்தவரை வலது பக்கம் கிடையாது. நாமக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பார்மசிஸ்ட் பெண்டாட்டி சூரணம் விற்பதா என்று சிரிப்பார். அவர் போன மறுவருஷம் நானே ஆசாரியைக் கூப்பிட்டு வலது பக்கத்து அலமாரியை அடிக்க வைத்தேன். ரயில்வே குடியிருப்பு ஆட்கள் காலையில் என்னிடம் பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டு, சாயங்காலம் வேறெங்கோ போய் நிலவேம்பு வாங்குவார்கள். இரண்டும் ஒரே கடையில் இருந்தால் யார் எதை எதோடு சேர்த்து விழுங்குகிறார்கள் என்று எனக்காவது தெரியுமே என்று நினைத்தேன்.

அது மட்டுமில்லை. எங்கள் பக்கத்தில் நாட்டு மருந்து என்றால் பத்தியம். பத்தியம் என்றால் புளி, காரம், கறியை விடுவதோடு நிற்காது, இங்கிலீஷ் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். இளம்பிள்ளையிலிருந்து வரும் நெசவுக்கார அம்மா ஒருவர், காமாலைக்குக் கீழாநெல்லி குடித்த பத்து நாளும் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, தறிக்குப் பக்கத்திலேயே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார். "பத்தியமுங்க" என்றார் என்னிடம். அவரைக் குறை சொல்ல முடியாது. வைத்தியர் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, மாத்திரையை எண்ணிக் கொடுத்த நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் கேட்க ஆரம்பித்தேன். வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள், யார் கொடுத்தது, எத்தனை வேளை, வெந்நீரிலா பாலிலா என்று எல்லாவற்றையும் கேட்டு ஒரு நீல நோட்டில் எழுதுவேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, வீட்டில் இருக்கிற அத்தனை மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். "ஏனுங்க, ரெய்டுங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் ரெய்டுதான், அடுத்த வாரம் பீரோவைத் திறப்பேன் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முகம் சுளிக்காமல் பை கொண்டுவந்தவர் ஒரே ஒருவர்தான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்செங்கோட்டுக்காரர். மனைவி இறந்து இரண்டு வருஷம். பையன் பெங்களூரில். சர்க்கரைக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குவார். கூட்டம் ஓய்ந்து பதினொரு மணிக்கு மேல்தான் வருவார். துணிப்பையை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்குவார். சித்த வைத்தியர் கொடுத்த நாவல்கொட்டைப் பொடி, சிறுகுறிஞ்சான் சூரணம், என்னிடம் வாங்கிய பாகற்காய் மாத்திரை, ஹோமியோபதிச் சீசா இரண்டு. எல்லாம் காலி. எனக்கு அவ்வளவு பிடித்த வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை.

"நேரம் தவறாம எடுக்கறீங்களாய்யா?"

"டப்பாவப் பாருங்க அம்மிணி. துடைச்சு வெச்சாப்பல இருக்குது."

நான் நோட்டில் டிக் அடிப்பேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். எந்த ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று பழைய கதைகள் சொல்வார். மகளைக் கட்டிக்கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பூட்டிய வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து பூட்டிய வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்த எனக்கு அந்த அரைமணி நேரம் வேண்டியிருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

சித்திரை மாதம் ஒருநாள் அவர் வந்து நின்றபோது கை நடுங்கியது. சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஐம்பத்தெட்டு. குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால்மணி நேரத்தில் தெளிந்து, ஏதோ தப்பு செய்தவர் மாதிரி சிரித்தார்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். மாத்திரையும் சர்க்கரையைக் குறைக்கிறது, பொடியும் குறைக்கிறது, சூரணமும் குறைக்கிறது. மனுஷன் ஒன்றுவிடாமல் நேரம் தவறாமல் சாப்பிடுகிறார். பின்னே நடுங்காமல் என்ன செய்யும்?

"நாட்டு மருந்தையெல்லாம் நிறுத்திடுங்கய்யா, மாத்திரை ஒண்ணே போதும்" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "அத மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க அம்மிணி" என்றார். மூன்று முறை சொன்னார். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அஸ்தம்பட்டியில் இருக்கிற அவருடைய டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். என்னென்ன பொடி, எவ்வளவு நாளாக, எத்தனை கிராம் என்று நோட்டைப் பார்த்து ஒரு பக்கம். மெடிக்கல்காரர்கள் எழுதுவதையெல்லாம் எந்த டாக்டர் படிக்கிறார்? இவர் படித்தார். போன் செய்து, நல்ல வேளை சொன்னீர்கள் என்றார். மாத்திரையைப் பாதியாக்கினார். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சித்தாவும் இங்கிலீஷும் என் கடையில் கைகோத்துக்கொண்டன என்று மகளுக்குப் போனில் பெருமை அடித்தேன். அவள் வேலை அவசரத்தில் "சரிம்மா" என்றாள்.

அடுத்த இரண்டு மாதமும் முதல் சனிக்கிழமை வெறும் வயிற்றில் வரச் சொல்லிச் சர்க்கரை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. டப்பாக்களும் காலியாகத்தான் இருந்தன.

ஆடி மாதம் அவர் வரவில்லை. ஊர்க் கோயில் நோன்புக்குப் போயிருப்பார் என்று இருந்துவிட்டேன். பத்து நாள் கழித்து வந்தவர் செருப்பை இழுத்து இழுத்து நடந்தார். ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஒரு வாடை அடித்தது. கோயில் கல்லில் வெறுங்காலோடு சுற்றியதில் கொப்புளம் வந்ததாம், வலிக்கவே இல்லையாம், மஞ்சள் பத்துப் போட்டிருக்கிறாராம். துணியைப் பிரித்தேன். வலது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன. விரலில் குத்தினால் மீட்டர் எண்ணே காட்டவில்லை, வெறுமனே 'ஹை' என்றது. கடையைச் சாத்திவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். கால் தப்புமா என்று வழி முழுக்க அவர் என்னைக் கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, அவருடைய ரயில்வே மருத்துவ அட்டையும் இரண்டு வேட்டியும் எடுத்துவரச் சாவி கொடுத்தார். அட்டை சமையலறை மாடத்தில் இருக்கிறது என்றார். அந்தச் சமையலறையை நான் பார்த்திருக்கவே வேண்டாம். அடுப்பு மேல் தூசி. சிலிண்டர் வாயில் சீல் கூடப் பிரிக்கவில்லை. மேடை முழுக்க பன் சுற்றிய தாள், பிஸ்கட் உறை, டீக்கடை பார்சல் கவர். தட்டு ஒன்று காய்ந்து கவிழ்ந்திருந்தது. பின்கதவைத் திறந்தேன். பப்பாளி மரத்தடியில் பழுப்பும் பச்சையுமாகப் பொடி கொட்டிக் கெட்டியாகிக் கிடந்தது. குனிந்து தொட்டு நாக்கில் வைத்தேன். சிறுகுறிஞ்சான்.

பார்மசிஸ்ட் மூளை அந்த நேரத்திலும் வேலை செய்தது. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டதால்தான் சித்திரையில் நடுங்கியிருக்கிறார். மற்ற நேரமெல்லாம் பன்னும் சர்க்கரை போட்ட டீயுமாக ஏறிய சர்க்கரைக்கு, பாதி மாத்திரை போதவில்லை. காலையில் நான் பார்த்ததெல்லாம் முதல்நாள் மதியத்திலிருந்து பட்டினி கிடந்த ஆளின் சர்க்கரை. அந்தப் பாதி மாத்திரையை வாங்கிக் கொடுத்தது நான்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் கோபத்தைத்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏங்கய்யா கொட்டினீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "எனக்குக் கசப்பு ஆவாதுங்க அம்மிணி."

"அப்ப எதுக்கு வாங்கினீங்க?"

போர்வை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "டப்பா காலியானா நேர்ல வாங்கம்பாரு வைத்தியரு. போனா கையப் புடிச்சு நாடி பாப்பாரு. ஹோமியோ டாக்டரு, கனா வருதா, என்ன கனான்னு ஒரு மணி நேரம் கேப்பாரு. சனிக்கெழமயானா நீங்க பையப் பாப்பீங்க. மாசம் ஓடிப்போயிருமுங்க."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. ஊட்டுல அடுப்பே மூட்டறதில்லன்னு."

"நீங்க அதக் கேக்கலீங்களே" என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார்.

வெந்நீரிலா பாலிலா என்று கேட்டவள் நான். இந்த ஊரில் வாசலைக் கடக்கிற எவரையும் பார்த்து எவரும் கேட்கிற கேள்வி, சாப்பிட்டீர்களா என்பது. தபால்காரர் கேட்பார், கீரைக்காரம்மா கேட்பார். என் கடையில் மட்டும் அது இல்லை. என்னை யாரும் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டதால், பிறரைக் கேட்கவும் மறந்துபோயிருந்தேன். காலையில் வைத்த ரசத்தை ராத்திரி சமையலறையில் நின்றபடியே குடித்துவிட்டுப் படுக்கிறவள், அந்தத் தூசி படிந்த அடுப்பை முன்னமே கண்டுபிடித்திருக்க வேண்டாமா? எனக்குத் தெரியாத அடுப்பா அது?

இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. பையன் வந்து பெங்களூருக்குக் கூட்டிப்போனான். டாக்டரிடம் நானே போய், என் கடிதம் தப்பு என்று சொன்னேன். அவர், நானும்தான் கேட்கவில்லை என்றார். அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது நீல நோட்டில் முதல் கேள்வி, இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்பது. அதற்குப் பிறகுதான் மருந்து. சிலர் ஒரு வார்த்தையில் முடிப்பார்கள். சிலர் ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள், நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

முதல் சனிக்கிழமைகளில் மதியம் மூன்று மணிக்கு அவருக்குப் போன் செய்கிறேன். போன வாரமும் செய்தேன். சாப்பிட்டீங்களாய்யா என்றேன். மருமகள் களியும் கீரையும் போட்டதாம், காலைக்கூட தினமும் பார்த்துக் கழுவி விடுகிறதாம். நல்லது என்று வைக்கப் போனேன்.

"நீங்க சாப்புட்டீங்களா அம்மிணி?"

மேசை மேல் காலையில் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டு டப்பா இருந்தது. இன்னும் திறக்கவில்லை.

"ஆச்சுங்கய்யா."

"டப்பா காலிங்களா?" என்றார்.

மூடி மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"காலிதானுங்க" என்றேன்.