இடது பக்கம் திரும்பிப் படுத்தால் கேட்கும் சத்தம்

எங்கள் ஊருக்குள் மினி பஸ் முதன்முதலாக வந்த வருஷம்தான் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பஸ்ஸுக்கு மாலை போட்டார்கள், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், டிரைவருக்கு யாரோ துண்டு போர்த்தினார்கள். அதுவரை கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் வைத்து அகரம் சந்தை வரை மிதித்தவன் நான். பஸ் வந்த மறுவாரம், அதைப் பிடிக்க வாய்க்கால் மேட்டில் ஓடினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சுக்குள் யாரோ ஆட்டுக்கல்லை உருட்டுவது போல இருந்தது. கண்டக்டர் விசில் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அந்த பஸ் இப்போது இல்லை, வேறு கலரில் வேறு ஒன்று ஓடுகிறது. அது இருக்கட்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

திண்டுக்கல்லில் பார்த்த டாக்டர் என்னை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேதான் அந்தப் பெரிய டாக்டரைப் பார்த்தேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற புரொபசர். ஒல்லியான ஆள், காதோரம் நரை. ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உடனே நெஞ்சில் வைக்க மாட்டார். உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, மழை உண்டா, கத்தரிக்காய் என்ன விலை போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். அதற்குள் அந்தத் தகடு சூடாகிவிடும். பிறகு, “கேக்கலாமா அகரத்துக்காரரே?” என்பார். எங்கள் ஊர்ப் பேர் சொன்னால் தெரியாது என்று அகரம் பக்கம் என்று சொல்லியிருந்தேன். என்னிடம் அனுமதி கேட்டு என்னைத் தொட்டவர் அவர் ஒருத்தர்தான்.

இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததன் மிச்சம் என்றார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், தூரத்தில் இடி உருள்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்குமாம். இந்த நோய் இருக்கிற எல்லாரிடமும் அது அவ்வளவு தெளிவாகக் கேட்காதாம். அதனால் வருஷா வருஷம் மாசி மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும்போது என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். கட்டிலில் படுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து கேட்டு, என்ன நோய் என்று சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.

அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்குமா? புரொபசர் அந்தப் பக்கம் திரும்பியதும் குனிந்து, அண்ணே, போன வருஷம் என்னண்ணே சொன்னாங்க என்று கேட்பார்கள். ஒரு பெண் பிள்ளை தகட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடம் மாற்றி மாற்றி வைத்தது. அதற்கு மட்டும் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அது கண்ணை மூடி செத்த நேரம் கேட்டுவிட்டு, தானாகவே சிரித்தது. எனக்கே பாஸான மாதிரி இருந்தது.

பரீட்சை முடிந்ததும் புரொபசர் என்னோடு வராண்டாவில் நடப்பார். சுவரில் வரிசையாகப் படங்கள், அந்தக் காலேஜில் முன்பு பாடம் சொன்ன பெரிய டாக்டர்கள். இவர் காலரா வந்தபோது வார்டிலேயே பாய் விரித்துப் படுத்தவர், இந்த அம்மா பிரசவ வார்டுக்குள் யாரையும் செருப்போடு விடாதவர் என்று சொந்தக்காரர்களைச் சொல்வது போலச் சொல்வார். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் படத்துக்கு முன்னால் மட்டும் நின்றுவிடுவார். தகட்டைக் கையில் சூடாக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானாம். நான் கொண்டுபோகும் முருங்கைக்காய்க் கட்டிலிருந்து ஒரே ஒரு காயை எடுத்துக்கொண்டு, மீதியை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிடுவார்.

சில வருஷத்தில் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். சென்னைக்குப் போய் வேறு வால்வு வைக்க வேண்டும். நான் நெல் அறுப்பு, மகள் கல்யாணம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மை வேறு. சத்தம் போய்விட்டால் பரீட்சைக்கு என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்? வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காக நான் வெள்ளை வேட்டி எடுத்து வைத்திருப்பேன். என் வீட்டுக்காரிக்கு மட்டும் புரிந்துவிட்டது.

“ஏய்யா, அந்த டாக்டரு ஒனக்கு மாமனா மச்சானா? உசுரு போனபொறவு எந்தச் சத்தத்தக் கேக்க வருவாரு?”

அவளே அந்த வருஷம் என்னோடு வந்து புரொபசரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் சிரிக்கவில்லை. தகட்டைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

“புது வால்வு வேற சத்தம் போடும் அகரத்துக்காரரே. போய் வச்சுக்கிட்டு வாங்க. அத நான் கேக்கணும்.”

போய் வைத்துக்கொண்டு வந்தேன். சொன்னது போலவே டிக் டிக்கென்று கடிகாரம் மாதிரி சத்தம். காது வைக்காமலே கேட்கும். படுக்கப்போகையில், அந்தக் கடியாரத்தக் கழட்டி வச்சுட்டுப் படுய்யா என்பாள் வீட்டுக்காரி.

உடம்பு தேறி நான் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் ரிட்டயர் ஆகி மகன் ஊருக்குப் போயிருந்தார். எந்த ஊர் என்று ஆயாவுக்கும் தெரியவில்லை. எப்படியும் ஒரு நாள் வருவார் என்று மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் வராண்டாவில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தடவை படங்களின் வரிசையில் கடைசியாக ஒரு புதுப் படம் இருந்தது, காதோரம் அதே நரையோடு. சந்தன மாலை போட்டிருந்தது. கீழே எழுதியிருந்ததைப் படிக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

அன்றைக்கு வராண்டாவில் கூட்டம். சக்கர நாற்காலி ஓடுகிற சத்தம், குழந்தை அழுகிற சத்தம். படத்துக்குப் பக்கத்தில் செத்த நேரம் நின்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையைத் தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அகரத்துப் பக்கம் ஒரு கிழவன் இருக்கிறான், அவனுடைய புரொபசர் கேட்காமல் போன சத்தம் ஒன்று அவனிடம் இருக்கிறது, வந்து கேட்கட்டும். பரீட்சை கிடையாது, என்ன நோய் என்று நானே சொல்லிவிடுவேன். தகட்டை மட்டும் முதலில் கைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.