சம்மந்தி வீட்டு ஏசிக்குப் பத்தியம்

மீன்சுருட்டி வீரமுத்துவுக்கு முந்திரிக்காடு இருந்தது. ஜெயங்கொண்டத்தில் உரக்கடை இருந்தது. ஒரே மகள் ஜெயசுதாவைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்த நிம்மதியும் இருந்தது. இதெல்லாம் போதாதென்று போன வருடம் ஏசி கழுவும் சாமான்கள் வந்து சேர்ந்தன.

செல்போனில் யாரோ ஒருவர் சட்டைகூட நனையாமல் ஏசி கழுவுவதைப் பார்த்துவிட்டு, அந்த நிமிடமே ஆர்டர் போட்டார். ஏசிக்குக் கீழே தூளி மாதிரி கட்டும் பிளாஸ்டிக் பை, அதிலிருந்து அழுக்குத் தண்ணீர் வாளிக்கு இறங்க ஒரு குழாய், பம்ப் அடித்துப் பீய்ச்சும் தெளிப்பான், நுரை டப்பா, கீரிப்பிள்ளை வால் மாதிரி ஒரு பிரஷ், உள்ளே வளைந்துபோன மெல்லிய தகடுகளை நிமிர்த்த ஒரு சீப்பு. தெளிப்பான் அவர் கடையிலேயே மருந்தடிக்க விற்பதுதான், நிறம் மட்டும் நீலம். மனைவி கலியம்மாள் அதைச் சுட்டிக்காட்டியபோது, அது பூச்சிக்கு, இது மெஷினுக்கு என்று விளக்கினார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள்கூட அவள் தலையை வாரிவிடாத மனுஷன், இப்போது ஞாயிறுதோறும் ஏசிக்குத் தலை வாரினார். அவர் வீட்டு ஏசி ஓடிய நேரத்தைவிடக் குளித்த நேரம் அதிகம்.

தெருவில் ஏசி வைத்திருந்த மற்றவர்கள் உஷாராகிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ராஜராஜன் ஒரே ஒரு தடவை உள்ளே விட்டு, மெத்தையை வெயிலில் காயப்போட்டவர். அதற்குப் பிறகு வீரமுத்து பையோடு தெருவில் இறங்கினாலே, நேற்றுத்தான் கழுவினோம் என்று எல்லா வாசலிலிருந்தும் பதில் வந்தது, அவர் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே.

இப்படித் தொழில் மந்தமாக இருந்த கத்திரி வெயிலில்தான் பெரம்பலூரிலிருந்து ஃபோன் வந்தது. கல்யாணத்துக்குச் சீராக வைத்த ஏசி குளிரவில்லை. மாமியார் லீலாவதி ஊர்ப்பட்ட உறவுக்காரர் முன்னால், சம்மந்தி கொடுத்த ஏசியில் காற்று வருகிறது, குளிர்தான் வரவில்லை, அதற்கு ஒரு ஃபேனே கொடுத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். மெக்கானிக் வந்தபோது நன்றாகக் குளிர்ந்ததாம், அவன் போனதும் பழையபடி ஆனதாம். கடைசியாக லீலாவதி வைத்த தீர்ப்புதான் கலியம்மாளை அழவைத்தது. மட்டமான ஏசியை மாற்றி நல்லதாக வாங்கி வரும்வரைக்கும் ஜெயசுதா மீன்சுருட்டியிலேயே இருக்கட்டும்.

கலியம்மாள் அழுதாள். வீரமுத்து சாமான்களைப் பையில் அடுக்கினார். மகளுக்கு வந்த இக்கட்டு அவருக்கும் வலித்ததுதான். ஆனால் தன் சாமான்களுக்குக் கடைசியில் ஒரு தகுந்த நோயாளி கிடைத்துவிட்டதென்ற குஷியை அவரால் முழுசாக மறைக்க முடியவில்லை. பஸ் அரியலூரைத் தாண்டியபோது எதிரே வரிசையாக வந்த சிமெண்டு லாரிகளைப் பார்த்து, இந்தப் புழுதிதான், இந்தப் புழுதியேதான் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

பெரம்பலூர் வீட்டில் சம்மந்தி வேலை செய்யலாமா என்பதே முதல் பிரச்சனையாகிவிட்டது. பெண்ணைக் கொடுத்தவரை வாழையிலை முன்னால் உட்கார வைக்கலாம், ஸ்டூல் மேல் நிற்க வைக்கக் கூடாது. மாப்பிள்ளை செந்தில்குமார் கூச்சத்தில் நெளிந்தான். லீலாவதி, அக்கம்பக்கம் பார்த்தால் என்ன நினைக்கும் என்று ஜன்னலைச் சாத்தினாள். வேண்டாமென்று மட்டும் சொல்லவில்லை.

ஏசிக்கு மேலே சிவப்பு வெல்வெட்டில், விளிம்பில் ஜரிகை வைத்து, முத்து கோத்த உறை ஒன்று தொங்கியது. லீலாவதி தன் கையால் தைத்தது. சீர் சாமான் எப்போதும் புதுசாகத் தெரிய வேண்டும் என்பது அவள் கொள்கை. மேல் பக்கமும் இரண்டு பக்கவாட்டும் முழுக்க மூடி, காற்று வெளியே வரும் கீழ்வாயை மட்டும் முந்தானை மாதிரி தூக்கிக் குத்தியிருந்தாள். ஏசி மணமேடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வீரமுத்து வேலைப்பாட்டைப் பாராட்டி, உறையைப் பத்திரமாகக் கழற்றி மடித்து வைத்தார்.

பிறகு ஒரு வேள்வியே நடந்தது. மெயினை அணைத்தார், தூளி கட்டினார், நுரை அடித்தார், பீய்ச்சினார், வாரினார். வாளிக்கு வந்த தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே இருந்தது. அதைக் கண்டு கொஞ்சம் ஏமாந்தாலும், நுண்ணிய அழுக்கு கண்ணுக்குத் தெரியாது என்று மாப்பிள்ளைக்குச் சொன்னார். காயவிட்டுப் போட்டதும் அறை ஜில்லென்றானது. லீலாவதியே போர்வை கேட்டாள். குளிர் வெளியே வரும்படி அறைக் கதவைத் திறந்துவைத்து, கூடத்தில் இலை போட்டார்கள். வடை, பாயசம், எல்லாம் இரண்டாவது தடவையும் வந்தன. அவர் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது லீலாவதி அறைக்குள் போய் உறையை மறுபடி மாட்டினாள்.

மோருக்கு வரும்போது நெற்றியில் வேர்த்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், ஏசியிலிருந்து யாரோ லேசாகப் பெருமூச்சு விடுவதுபோல் காற்று வந்தது.

"உங்க சாமானெல்லாம் நல்லா வேலை செய்யுதுங்க சம்மந்தி," என்றாள் லீலாவதி. "ஏசிதான் செய்யல. ஜெயசுதா, துணியெல்லாம் எடுத்து வச்சுக்க. அப்பாவோடயே பஸ் ஏறிடலாம்."

வீரமுத்து கொல்லைப்புறம் போய்த் தெளிப்பானை உதறிக்கொண்டு நின்றார். ஜெயசுதா பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, அந்த உறைதான்ப்பா. மெஷின் மேல் பக்கமாத்தான் காத்த இழுக்குது. அத்தை அந்த வாயைப் பொத்தி வச்சிருக்காங்க. மெக்கானிக் வந்தப்பவும் கழட்டுனாங்க, குளுந்துச்சு. நான் சொன்னா, என் தையலைப் பாத்து உனக்குப் பொறாமைங்கறாங்க."

வீரமுத்துவுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்தவுடன் அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் கழுவுனது?"

"சுத்தமாத்தான் இருக்கு. அது குளிர்றதுக்கும் நீங்க கழுவுனதுக்கும் சம்மந்தம் இல்ல."

அவர் சட்டையில் இன்னும் நுரை காயவில்லை. உண்மையைச் சொன்னால் லீலாவதியின் வெல்வெட்டுக்கு அவமானம், அந்தக் கோபம் முழுக்க மகள் தலையில் இறங்கும். சொல்லாமல் விட்டால் மகள் இப்போதே பெட்டியோடு பஸ் ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவில், காலையிலிருந்து தான் ஸ்டூல் மேல் நின்றது வெறும் கூத்தாகிவிடுமே என்ற கவலையும் அவர் காதில் முணுமுணுத்தது. அந்தக் கவலைதான் வழி கண்டுபிடித்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்து, நோயாளி வீட்டாரிடம் வைத்தியர் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"ஒண்ண சொல்ல மறந்துட்டேங்க சம்மந்தி. உள்ள மருந்து அடிச்சிருக்கேன். இனிமே அது பத்தியத்துல இருக்கணும். மூணு அமாவாசை கழியற வரைக்கும் மேல எந்தத் துணியும் படக்கூடாது. பட்டா மருந்து முறிஞ்சுடும்."

லீலாவதி யோசித்தாள். "அமாவாசை முடிஞ்சு போடலாமா?"

"அதுக்குள்ள நான் வந்து மறு மருந்து அடிச்சுடுவேன். அதுக்கும் பத்தியம் உண்டு."

மாதக்கணக்கில் மருமகள் சொல்லி மண்டையில் ஏறாத விஷயம், அமாவாசை என்றதும் நேராக ஏறிவிட்டது. லீலாவதி பயபக்தியோடு தானே உறையைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் அறை குளிர்ந்தது. துணி எடுத்து வைக்க வேண்டாமென்று மருமகளுக்கு உத்தரவு வந்தது. அரும்பாவூரில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் போட்டு, உன் வீட்டு ஏசிக்கும் சம்மந்தியை வரச்சொல்கிறேன், ஆனால் பத்தியம் கடுமையாக இருக்கும், தாங்குவாயா என்று கேட்டாள். ஃபோனை வைத்துவிட்டு ஜெயசுதா பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு தெரிஞ்ச மனுசன் வூட்ல பொறந்தும் உனக்கு இந்தப் பத்தியம் தெரியல பாரு."

ஜெயசுதா தெருமுனை வரை அப்பாவை வழியனுப்ப வந்தாள். அவர் நடையில் ஒரு மிடுக்கு ஏறியிருந்தது. பஸ் தெரிந்ததும் அவள் கேட்டாள்.

"அப்பா, அந்தச் சாமான்ல ஏதாவது ஒண்ண எங்கிட்ட விட்டுட்டுப் போங்களேன். இனிமே இந்த வூட்ல நான் எதாவது சொல்லணும்னா அதைக் கையில புடிச்சுக்கிட்டுச் சொல்றேன்."

வீரமுத்து பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"செட்டு ஒடையக் கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.