அண்ணனுக்குப் பூசிய வர்ணம்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், சென்னையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த சித்தப்பா எனக்கு ஒரு கலர் பெட்டி வாங்கி வந்தார். பன்னிரண்டு வில்லைகள், ஒரு பிரஷ். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் யாரெல்லாமோ அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பச்சை வில்லையில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன் என்பதும் கொஞ்சம் அதிகம்தான். தண்ணீர் கூடினால் வானம் வயலுக்குள் வழிந்தது. குறைந்தால் பிரஷ் காகிதத்தைக் கீறியது. மாடு வரைந்தேன், நைனா அதை நல்ல நாய் என்று பாராட்டினார். ஒரு மாதத்தில் வாழைமரம் மட்டும் வாழைமரமாக வந்தது. அந்தத் தைரியத்தில், இனி மனிதர்களுக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அசையாமல் உட்காரவில்லை. பொன்னேரி ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளை போட்டோவுக்குக் கையாலேயே கலர் போடுகிறார்கள் என்று சித்தப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்த போட்டோ ஒன்றே ஒன்று, அண்ணனுடையது. நான் பிறப்பதற்கு முன்பே, நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டவன். அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் அம்மா அழுவாள் என்று நைனா யாரையும் பேச விடமாட்டார்.

அம்மா நடவுக்குப் போயிருந்த ஒரு பகலில் சட்டத்தைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தேன். சட்டைக்குச் சிவப்பு அடித்தேன். கன்னத்துக்கு ரோஸ். அழகாகவே வந்தது. கண்ணுக்கு மை வைக்கும்போது பிரஷிலிருந்து ஒரு சொட்டு வழிந்து வாய்வரை இறங்கியது. பாவாடையால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். படத்தின் மேல்பரப்பு பாலாடை மாதிரி சுருண்டது. ஒரு கண்ணும் பாதி வாயும் பாவாடையோடு வந்துவிட்டன.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

காலில் சேற்றோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். படத்தைக் கையில் வாங்கினாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நெடுநேரம் எதுவும் விழவில்லை.

"சட்டை செவப்பு இல்லடி," என்றாள். "மஞ்சா. பொங்கலுக்கு எடுத்தது."

ஆணி கழன்று படம் தண்ணீரில் விழுந்துவிட்டதாக நைனாவிடம் அவளே சொல்லிக்கொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் வேலையெல்லாம் முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் சொல்லச் சொல்ல அவன வரையிறியா?"

சொல்ல ஆரம்பித்தாள். கிணற்றுப் படியில் விழுந்து இடது புருவத்தில் தழும்பு. ஒரு காது கொஞ்சம் மடங்கியிருக்கும். ரயில் சத்தம் கேட்டால் சோற்றை விட்டுவிட்டு ஓடுவான். நான் வரைந்த முகமெல்லாம் பழைய மாட்டைப் போலவே இருந்தது. அம்மாவுக்கு அதில் குறையே தெரியவில்லை.

"மூக்கு இன்னும் சப்பையா போடு. எப்பப் பாரு சளி புடிச்சிக்கினே இருப்பான்," என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாறு நாள் இப்படிப் போனது. ஒருநாள் வெளியே பிள்ளைகள் பாண்டி ஆடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அவனுடைய தலைச்சுழி எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எனக்கு வரல, போம்மா. செத்துப்போனவன எப்டி வரையறது?" என்று பிரஷை வீசி எறிந்தேன்.

அம்மா குனிந்து பிரஷை எடுத்தாள். பிறகு, "சரி, நீ போய் ஆடு," என்றாள். நான் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது பிரஷைக் கழுவிப் பெட்டியில் வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகும் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். அண்ணன் பேச்சை ஒருமுறைகூட எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் சுழி எந்தப் பக்கம் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. படம் சரியாக வராததால் அம்மா விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷத்துக்குள் நன்றாக வரையக் கற்றுக்கொண்டு, அவளுக்கு ஒரு படம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.