பக்கத்து வீட்டுக் கிரைண்டரும் என் ஹம்பக்கரும்

என் எலெக்ட்ரிக் கிடாரில் இருந்தது சிங்கிள் காயில் பிக்கப். கம்பியின் அதிர்வை வாங்கி ஒயருக்கு அனுப்பும் சின்னப் பட்டை அது. நாதம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும். ஆனால் பக்கத்தில் எந்த மோட்டார் ஓடினாலும் அதன் இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நான் குடியிருப்பதோ பம்ப்செட் பட்டறைகள் நிறைந்த சிங்காநல்லூரில். இங்கே மோட்டார் ஓடாத சந்து ஏது?

எனக்கு வாய்த்தது பக்கத்து வீட்டுக் கிரைண்டர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஓர் அக்கா தனியாக இருந்து இட்லி மாவு அரைத்து விற்கிறார். காலையில் அரைப்பது தெருக்காரர்களுக்கு, சாயங்காலம் அரைப்பது பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கும் மெஸ்ஸுக்கு. வேலை முடிந்து வந்து நான் கிடாரைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பதிவு செய்ய உட்காருவதும் அதே நேரம்தான். என்னவோ பெரிய பதிவு! நெட்டில் போடுவேன், சித்தி பெண்கள் இரண்டு பேர் கேட்டுவிட்டு இதயம் போடுவார்கள்.

ஒரு நாள் நன்றாக வந்துகொண்டிருந்த வாசிப்பு அந்த இரைச்சலில் பாழானது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுந்து நேரே போய்விட்டேன்.

"ஏனுங்கக்கா, கிரைண்டர் ஓடுனா என்ற கிடார்ல இரையுதுங்க. சாயங்காலத்துல மட்டும் ஓட்டாம இருக்க முடியுங்களா?"

அக்கா மாவுக் கையை முந்தானையில் துடைத்தார். "அதுக்கென்னுங்க அம்மணி, ஆகட்டுங்க. காலைலயே சேத்து அரைச்சுக்கறனுங்க."

எங்கள் ஊரில் 'ஆகட்டுங்க' என்பதற்குச் சம்மதம் என்று பொருள் கொள்ளக் கூடாது. கேட்ட முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தே தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் தெரியும். நான் வேலை பார்ப்பது பம்ப்செட் கம்பெனியில், மோட்டார் சோதிக்கும் பிரிவில். காயில் என்கிற கம்பிச்சுருளோடுதான் என் பகல் முழுவதும். கோளாறு கிரைண்டரில் இல்லை, என் கிடாரில். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயிலைச் சேர்த்து வைத்தால் ஒன்று இழுக்கும் இரைச்சலை மற்றது அடித்துவிடும். அதற்குத்தான் ஹம்பக்கர் என்று பெயர். என் பிக்கப்பை எடுத்துவிட்டு அதை மாட்டினால் தீர்ந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா," என்றார் என் வீட்டுக்காரர். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று நானும் அன்றைக்கு அவரைத் திட்டினேன். சமைத்தது அவர்.

சரி, மாற்றிவிடலாம் என்று தேடத் தொடங்கினேன். பெரிய ஹம்பக்கர் போட்டால் கிடாரின் மரத்தைக் குடைய வேண்டும். அதற்கு மனசு வரவில்லை. பழைய குழியிலேயே உட்காரும் சின்ன அளவிலும் கிடைத்தன. காயில்கள் பக்கம் பக்கமாக இருப்பது ஒன்று. அதில் நாதம் தடித்துப் போகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது இன்னொன்று. அதில் தெளிவு கொஞ்சம் மிஞ்சுகிறது, ஆனால் பழைய மினுக்கு இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ வீடியோவாகக் கேட்டேன். இன்றைக்கு இது, நாளைக்கு அது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோதுகூட நான் இத்தனை பார்க்கவில்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதியில் உட்கார்ந்துதான் நான் மினுக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடிவு செய்யடி என்று உள்ளே ஒன்று குத்தும். அக்காதான் ஒன்றும் சொல்லவில்லையே என்று அதன் வாயை அடைப்பேன். வெட்கக்கேடு.

கடைசியில் அடுக்கிய வகையையே வரவழைத்து, நானே ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து மாட்டினேன். வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, இனிமே சாயங்காலமும் ஓட்டுங்க. கிடாரைச் சரி பண்ணிப்போட்டேன்."

"சந்தோசமுங்க அம்மணி." அக்கா சிரித்தார். "ஆனா சாயங்காலத்துக்கு இப்ப வேலை இல்லீங்களே. காலைல அரைச்சது பொழுது சாயறதுக்குள்ள புளிச்சுப் போவுதுன்னு மெஸ்ஸுக்காரரு வேற பக்கம் வாங்கிக்கறாருங்க."

"ஐயோ! எப்ப இருந்துங்க?"

"அது ஆச்சுங்க, ஆடியிலயே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்கக்கா!"

"நீங்க ஊடு தேடி வந்து கேட்டுப்போட்டீங்க. எப்படீங்க சொல்றது?"

அதில் குத்தல் துளியும் இல்லை. திட்டியிருந்தால் திரும்பி ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். ஓடாமல் கிடந்த கிரைண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நின்றதை அக்கா வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்.

"ஓ, இரையுதான்னு பாக்கோணுங்களா? நாந்தான் மறந்துட்டேன். நீங்க போய் மாட்டுங்க அம்மணி, நான் ஓட்டறனுங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் காலிக் கிரைண்டரில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிச் சுவிட்சைப் போட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்தேன். கிடாரைச் சொருகி ஹெட்போனை மாட்டினேன். இரைச்சல் துளிகூட இல்லை. ஹெட்போனைக் கழற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் தண்ணீரில் கல் உருண்டுகொண்டிருந்தது. போதுங்கக்கா என்று போய்ச் சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு போவது? நான் சொல்கிறவரை நிறுத்தக் கூடாது என்று அக்கா ஓட்டிக்கொண்டே இருந்தார்.