தட்டினால் விட்டுவிட வேண்டும்

பதினாறு வயதாகும் என் மகள் பவித்ராவுக்கு ஆட்டிசம். பேச்சு வராது. ஓடிவிடுவாளோ என்ற பயத்தில், வெளியே போனால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டே நடப்பேன்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பிரேசிலியன் ஜியு ஜிட்சு வகுப்பு தொடங்கினார்கள். அடி, உதை கிடையாது. கட்டிப் புரண்டு, பிடி போட்டு மடக்குகிற தற்காப்புக் கலை. பவித்ராவையும் தயங்காமல் சேர்த்துக்கொண்ட பயிற்சியாளர் ரம்யா, முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். "வலிச்சாலோ பயமா இருந்தாலோ கையால தட்டணும். தட்டுனா யாரா இருந்தாலும் உடனே விட்டுரணும்."

ஒரு மாலை, ஜோடியாகப் பயின்ற பெண் பவித்ராவின் மேல் படுத்து அழுத்திப் பிடித்தாள். என் மகளின் முகம் சிவந்துவிட்டது. கத்தக்கூடத் தெரியாத பிள்ளையாயிற்றே என்று பதறி, செருப்போடு விரிப்பில் ஏறி ஓடினேன். அதற்குள் அந்தப் பெண் விட்டுவிட்டாள். பவித்ரா சிரித்தபடி எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பற்றி, "போதும், வா, வீட்டுக்குப் போவோம்" என்று இழுத்தேன்.

ரம்யா கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அவ தட்டுனா, அந்தப் பிள்ளை விட்டுருச்சு. இப்ப உங்க கையைத்தான் தட்டிக்கிட்டு இருக்கா, பாருங்க."

குனிந்து பார்த்தேன். பவித்ராவின் மறு கை என் கையைத் தட்டிக்கொண்டிருந்தது. விட்டேன். அவள் நேராக விரிப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போதெல்லாம் வெளியே போகும்போது கையை நீட்டுகிறேன், அவளே பிடித்துக்கொள்கிறாள். பூ மார்க்கெட் நெரிசலில் பயந்து நான் இறுக்கினால் தட்டுவாள். விட்டுவிடுவேன். இதுவரை அவள் ஓடவில்லை.

- செல்வராணி, திண்டுக்கல்