வாலால் நுழைந்த பாம்பு

கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு கடல் விலாங்கு எங்கள் வீட்டு வாழைகளுக்கு அடியில் புகுந்து தெருவையே கம்பும் கையுமாக நிற்க வைத்தது. அது மீன் என்று அன்றைக்குத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். என்னிடம் அவர் சொன்னதெல்லாம் நான் வேலைக்குப் போன பிறகு.

மாமா அம்மாவின் தம்பி. கடலூர்த் துறைமுகத்தில் வேலை. ஆடிக்கு அழைத்து வந்த அக்காவைக் கூட்டிப்போக அவள் வீட்டுக்காரர் பைக்கில் வந்திருந்ததால், விருந்துக்கு மாமா மீன் கொண்டு வந்தார். எங்களைப் பயமுறுத்தி விளையாட, ஒரு கேன் கடல் தண்ணீரில் இந்த விலாங்கையும் யாருக்கும் சொல்லாமல் கொண்டு வந்திருந்தார். மணலில் வாலால் துளைத்துப் பதுங்கும் ஜாதியாம்.

அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் என்றே நினைத்தேன்.

அவள் பையோடு வாசலில் இறங்கிய நேரம் பார்த்து, கேனிலிருந்து தானாக வெளியேறிய விலாங்கு குறுக்கே நெளிந்து ஓடியது. வாழையடிச் சேற்றில் வாலை விட்டுப் பின்பக்கமாகவே உள்ளே போய்விட்டது.

“பொண்ண அனுப்பற நேரத்துல பாம்பு குறுக்க போச்சே. அதுவும் வாலால நுழையுது. இன்னா சகுனமோ. இன்னிக்கி வேணாங்க மாப்ள” என்றார் அப்பா.

அவர் சொல்லி முடிக்கும் முன்பே அக்கா பையைக் கீழே வைத்துவிட்டாள். “அது வந்து மாமா...” என்று அப்பாவிடம் வாயெடுத்த மாமா, அக்கா முகத்தைப் பார்த்தார்.

“நல்ல பாம்பு மாமா. ஒரு ஆள் நீளம் இருக்கும்” என்றார்.

பிறகு யாராலும் உட்கார முடியவில்லை. மண்வெட்டி எடுத்தவர்களை, சீண்டினால் பழி வாங்கும் என்று மாமா தடுத்துக்கொண்டே இருந்தார். அக்கா வீட்டுக்காரர் நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனைப் பார்த்தார். கடைசியில், “நாளைக்கி வரேன்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பைக் சத்தம் மறைந்ததும் அக்கா தட்டு நிறையச் சோறு போட்டுத் தின்றாள். பாம்பு இருக்கும் வீட்டில் இவளுக்கு எப்படி இறங்குகிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான் காலைத் தரையில் வைக்காமல் கட்டில் மேலேயே இருந்தேன்.

கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நாளைக்கும் பாம்பு வருமாடா?”

பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே வராதுக்கா” என்று தைரியம் சொன்னேன்.