மூடி போடாத கீரை

என் தங்கைக்கு வீட்டில் ‘அவசரம்’ என்றுதான் பெயர். கால் தரையில் பாவாது. "பதறாத காரியம் சிதறாது" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீனில் அவளுக்குக் கீரை ஆயும் வேலை. காலையிலேயே அண்டாவில் வேகவைத்து, மூடி போட்டு, மதியம்வரை வைத்திருப்பார்கள். பரிமாறும்போது காக்கி நிறத்தில் கூழாகிக் கிடக்கும். தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவோம்; நானும்தான். கடைசியில் மேனேஜர், "அடுத்த வாரத்திலிருந்து கீரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கீரை இல்லையென்றால் அவளுக்கும் வேலை இல்லை.

அவள் நேரே தலைமைச் சமையல்காரரிடம் போய் நின்றாள். "மாஸ்டர், பரிமாறுற மேஜை பக்கத்துல ஒரு அடுப்பு குடுங்க. ஆளுங்க வர வர வதக்கித் தர்றேன்."

"அந்தக் கூட்டத்துல முடியுமா?"

"கீரை வேக எவ்வளவு நேரம் ஆகும் மாஸ்டர்? நீங்க மூக்கைச் சொறியுற நேரம்."

சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

மதியம் அகன்ற சட்டியில் எண்ணெய், தட்டிய பூண்டு, கழுவிய ஈரத்தோடு கீரை. மூடியே போடவில்லை. ஆனால் மலைபோல் குவிந்திருந்ததைப் பார்த்து உப்பைப் போட்டுவிட்டாள். கீரை சுருங்கிக் கைப்பிடி அளவானதும் உப்புக் கரித்து வாயில் வைக்க முடியவில்லை.

"என்னம்மா, கடல் தண்ணியையே கொட்டிட்டியா?" என்றார் ஒரு வெல்டர். வரிசையே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவளுக்கு இல்லை.

"அது கடலுக்கே போகட்டும்ணே. இதைப் பாருங்க" என்று சட்டியைக் கழுவிப் புதிதாக வதக்கினாள். இந்த முறை, இலை சுருண்டு பச்சை மாறாமல் பளபளத்த பிறகே உப்பு. வெல்டர் தின்றுவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினார். கீரைக்கு நிதானம் ஆகாது; என் தங்கை மாதிரி ஆள்தான் வேண்டும்.

அண்ணன் என்ற உரிமையில் நான் பக்கவாட்டில் நுழைந்தேன். "வரிசையில வாண்ணா. வீட்டுல செஞ்சா மட்டும் ஒதுக்கி வைக்கிறல்ல?" என்றாள், எல்லோர் முன்னாலும். பின்னால் போய் நின்றேன்.

வாரக் கடைசியில் மேனேஜரே தட்டோடு வந்தார். சட்டி காலி. "கொஞ்சம் நில்லுங்க சார், இப்ப வதங்கிடும்." நின்றார். சுடச்சுட வாங்கி, அங்கேயே சாப்பிட்டார்.

"மாஸ்டர், கீரையை நிறுத்த வேணாம். இந்தப் பொண்ணுக்கு இன்னொரு அடுப்பும் வச்சுக் குடுங்க."

வரிசையில் நின்ற என்னிடம் மேனேஜர் எதுவும் கேட்கவில்லை. "என் தங்கச்சி சார்" என்று நானாகவே சொன்னேன்.